முதல் நிலை சினைப்பைப் புற்று: எல்லாம் எடுத்த பிறகும் கீமோ வேண்டுமா?

பெகு மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 54 வயது. போன மாதம் யாங்கோனில் ஆபரேஷன் ஆனது, கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது கட்டி உள்ளேயே உடைந்துவிட்டதாம், ரிப்போர்ட்டில் 1சி (புற்று சினைப்பையைத் தாண்டிப் பரவவில்லை, ஆனால் கட்டி உடைந்திருக்கிறது), ஹை கிரேடு சீரஸ் (வேகமாக வளரும் வகை) என்று இருக்கிறது. ஆறு கீமோ வேண்டும் என்கிறார் டாக்டர். அம்மாவோ "அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு மருந்து?" என்று ஒரே பிடிவாதம். எனக்கும் குழப்பமாக இருக்கிறது. பிழைப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு?

மோல்மீன் நர்ஸ்:
தங்கச்சி, முதலில் பயத்தைக் குறைத்துக்கொள். மேல்நாட்டுக் கணக்கில் முதல் நிலையில் கண்டுபிடித்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 90 பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். ஆனால் அந்த 90 பேரில் கீமோ எடுத்தவர்களும் இருக்கிறார்கள், அதை அம்மாவிடம் சொல். ஐக்கான்1, ஆக்‌ஷன் என்று இரண்டு ஆய்வுகள், மொத்தம் 925 பெண்கள், 2003ல் சேர்த்து வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் கீமோ எடுத்தவர்களில் ஐந்து வருடத்தில் 100க்கு 82 பேர் உயிரோடு இருந்தார்கள், எடுக்காதவர்களில் 74 பேர்தான். கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டாலும் தெரியாத துளி வயிற்றுக்குள் ஒட்டியிருக்கலாம், அதற்குத்தான் மருந்து. 1ஏ, கிரேடு ஒன்று, அதாவது உடையாமல் ஒரு சினைப்பைக்குள்ளேயே இருக்கும் மெதுவாக வளரும் கட்டி என்றால் ஆபரேஷனோடு விட்டுவிடுவதும் உண்டு, அம்மாவுடையது அப்படி இல்லை.

இன்னொன்று கட்டாயம் கேள்: வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரை, நிணநீர்க் கணுக்கள், வயிறு கழுவிய நீர், இதையெல்லாம் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? அனுப்பவில்லை என்றால் 1சி என்பதே உறுதியில்லை, உண்மையில் மேல் நிலையாக இருக்கலாம். அப்படி முழுதாகப் பார்க்காதவர்களுக்குத்தான் ஆக்‌ஷன் ஆய்வில் கீமோவால் பலன் தெளிவாகத் தெரிந்தது. எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அந்த மெழுகு பிளாக்கை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வேறொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டு. வகை மாறினால் சிகிச்சையும் மாறும்.

தாட்டன் அக்கா:
எனக்கும் 1சி தான்மா. கார்போபிளாட்டின், பாக்ளிடாக்ஸல் என்று இரண்டு கீமோ மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு முறை. மூன்றாவது தடவைக்கு அப்புறம் பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தேன், வீட்டில் எல்லாரும் நிறுத்திவிடச் சொன்னார்கள். நான் டாக்டரிடம் சொன்னேன், அவர் அளவைக் குறைத்தார், நிறுத்தவில்லை. அம்மா மரத்துப்போகிறது என்றால் மறைக்காமல் அன்றே சொல்லச் சொல்லுங்கள். முடி போகும், கீமோ முடிந்தபின் வளரும். காய்ச்சல் 38 டிகிரி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியே ஓடுங்கள்.

மோல்மீன் நர்ஸ்:
மறந்துவிட்டேன், பிராக்கா (BRCA) மரபணுச் சோதனை பற்றியும் கேள், இந்தப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது அது. ஹை கிரேடு சீரஸ் என்றால் அந்தச் சோதனை முடிவு அம்மாவுக்கு மட்டுமல்ல, உனக்கும் உன் சித்திமார்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

பெகு மகள்:
ரொம்ப நன்றி அக்கா. ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன், கொழுப்புத் திரை இருக்கிறது, கணுக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திங்கட்கிழமை பிளாக் வாங்க யாங்கோன் போகிறேன். 82, 74 கணக்கை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, அப்புறம் முதல் ஊசி என்றைக்கு என்று கேட்டார்.