ஹைகா: தமிழ் எழுத்தில் மை கசிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஹைக்கூவும் தூரிகை ஓவியமும் ஒரே தாளில் சேரும் ஹைகா வரைகிறவர்கள் இங்கே இருந்தால், இரண்டு விஷயத்தில் உதவி வேண்டும்.

முதலில் தாள். பசை ஏற்றாத வாஷி, அதாவது ஜப்பானியக் கைத்தாள். மூங்கில் இலைக்கு அதன் கசிவு அழகுதான். கவிதை எழுதும்போதுதான் வம்பு: ண, ழ, ஞ எல்லாம் சுழி அடைத்துக்கொள்கின்றன. ‘தண்ணீர்’ என்று எழுதினால் நடுவில் ஒரே கறுப்புத் திட்டு. 1 லிட்டர் வெந்நீரில் 15 கிராம் ஜெலட்டின், 5 கிராம் படிகாரம் கரைத்து, கொதிக்கவிடாமல் பூசிப் பார்த்தாயிற்று. கசிவு நின்றது, ஆனால் மை மேலேயே தங்கி இலையும் விறைத்துவிட்டது. படிகாரத்தைக் கூட்டினால் அமிலம் ஏறித் தாள் நாளடைவில் நொறுங்கும். எழுத்து வரும் இடத்தில் மட்டும் பூசினால் எல்லைக்கோடு தெரிகிறது. அதை மறைப்பது எப்படி? தூரிகையைத் துணியில் ஒற்றி எழுதினால் மூன்றாம் எழுத்திலேயே வறள்கிறது.

அடுத்தது இடம். ஜப்பானிய வரி செங்குத்தாக இறங்குவதால் கிளையோடு கிளையாகச் சேர்ந்துவிடும். கவிஞரும் ஓவியருமான பூசோன் (1716–1784) படங்களைப் பார்த்தாலே புரியும். தமிழின் மூன்று கிடை வரிகளோ மூலையில் ஒட்டிய சீட்டுபோல நிற்கின்றன.

மாதிரிக்கு:

மழை விட்ட முற்றம்
கவிழ்த்த குடத்தின் மேல்
ஒரு தும்பி

தும்பியை வரைந்தால் சொன்னதையே சொன்னதாகும். குடத்தின் வளைவு மட்டும் போதும் என்று படுகிறது. அப்படியானால் வரிகள் வளைவுக்கு மேலா, உள்ளேயா? செய்து பார்த்தவர்கள் தூரிகை அளவோடு படம் போடுங்கள்.