.22 பிஸ்டல்: பத்துக்கு ரெண்டு வெடிக்கல, காலிக் கூடும் மாட்டுது. ஸ்பிரிங் மாத்தணுமா?

கேள்வி
செகண்ட் ஹேண்டில் வாங்கின மலிவு ரக .22 எல்.ஆர். செமி ஆட்டோ, 10 ரவுண்டு மேகசின். டெக்சாஸ்ல ரேஞ்சில் 10 கஜத்தில் அட்டை டார்கெட் சுட மட்டும்தான். தோட்டா 36 கிரெய்ன் (குண்டின் எடை), மொத்தப் பெட்டி. முதல் 100 ரவுண்டு ஒழுங்கா ஓடும். அப்புறம் வெறும் 'க்ளிக்'. வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் பயரிங் பின் (தோட்டாவை அடிக்கிற ஊசி) பட்ட தடம் இருக்கு. சில நேரம் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) வாயில் செங்குத்தா நிக்குது.

பதில் 1
பார்ட்ஸ் எதுவும் வாங்காதீங்க. முதல்ல பாதுகாப்பு: 'க்ளிக்' கேட்டா பேரலை டார்கெட் பக்கமே வச்சு 30 விநாடி பொறுங்க, தாமதமா வெடிக்கலாம். 'புஸ்' என்று சத்தம் குறைஞ்சு கேட்டா அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள்ளயே நின்னிருக்கும். அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு போனா பேரல் வீங்கிடும். தோட்டாவை எடுத்துட்டு உள்ளே பாருங்க.

இப்ப தடத்துக்கு வருவோம். .22இல் வெடிமருந்துப் பசை விளிம்புக்குள்ள சுத்தி இருக்கும். ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்து, பின் அங்கேயே அடிச்சா வெடிக்காது. வெடிக்காததை அரைச் சுத்து திருப்பித் திரும்பப் போடுங்க. வெடிச்சா தோட்டா மேல குறை. தடம் மேலோட்டமா இருந்தா, ரவுண்டு சேம்பரில் (பேரலின் பின்முனையில் அது உக்காரும் குழி) முழுசா உக்காரல. பின் அடிக்கிற வேகம் அதை உள்ளே தள்ளவே செலவாயிடுது. 100க்கு அப்புறம் தொடங்குதுன்னா எனக்கு அழுக்கு மேலதான் சந்தேகம்.

உறுதிப்படுத்த: காலி பண்ணி, ஸ்லைடைக் கழற்றி, பேரல் வாய் பாதுகாப்பான பக்கம் கீழே பார்க்க, ஒரு ரவுண்டை சேம்பரில் விடுங்க. தானா 'டக்'குனு விழணும்.

பதில் 2
சுத்தம் செய்யும்போது பலரும் பேரலையே தேய்ச்சுக்கிட்டிருப்பாங்க. .22க்கு அது அவ்வளவு தேவையில்லை. சேம்பரில் சால்வென்ட் விட்டு 10 நிமிஷம் ஊறட்டும், வெண்கல பிரஷ் 10 தடவை, பிறகு துணி. ஈயக் குண்டின் மெழுகும் கரியும் அங்கேதான் வளையமா கட்டும். காலிக் கூட்டை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் பல்குச்சியால் சுரண்டுங்க. அங்கே கரி இருந்தா பிடி நழுவி, கூடு மாட்டும். பயரிங் பின் ஓடுற பள்ளத்தில் எண்ணெய் வேண்டாம், கெட்டியாகி பின்னை மெதுவாக்கும். மேகசின் உள்ளேயும் அப்படித்தான். ஸ்லைடு தண்டவாளம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு போதும்.

கூடு இன்னும் நின்னா, 40 கிரெய்ன், விநாடிக்கு 1,235 அடி வேகமுள்ள சிசிஐ மினி மேக் தோட்டா போட்டுப் பாருங்க. 1,070 அடி வேக 'ஸ்டாண்டர்ட்' ரகம் சில மலிவு பிஸ்டலின் ஸ்லைடை முழுசாத் தள்ளாது. மணிக்கட்டு தளர்ந்தாலும் இதே கோளாறுதான்.

பதில் 3
செகண்ட் ஹேண்ட்னு சொன்னீங்க. முந்தினவங்க தோட்டா இல்லாம ட்ரிகர் இழுத்தே பழகியிருந்தா, பின் சேம்பர் விளிம்பில் பட்டு உலோகம் உள்ளே பிதுங்கியிருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா அரத்தால் ராவாதீங்க, வாய் பெருசாகி கூடு கிழியும். சேம்பர் அயர்னிங் டூல் வச்சிருக்கிற துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடுங்க, உலோகத்தைத் திரும்பத் தள்ளிடுவார். ருகர் கம்பெனியின் 'மார்க்' வரிசை .22 பிஸ்டலில் இதைத் தடுக்க பயரிங் பின் ஸ்டாப் பின் உண்டு. கழற்றி மாட்டும்போது அதை மறந்தா அங்கேயும் இதே கதி.

மேகசின் நிரப்பும்போது மேல் ரவுண்டின் விளிம்பு கீழ் ரவுண்டின் விளிம்புக்கு முன்னால் இருக்கணும். மாறினா ரெண்டும் கோத்துக்கும். ஈயம் ஆச்சே, முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிடுங்க.

கேட்டவர்
விளிம்பில் பிதுக்கம் இல்ல. ரவுண்டு ஒரு மில்லிமீட்டர் வெளியேயே நின்னது. சேம்பரைத் தேய்ச்சதும் 'டக்'. 150 ரவுண்டில் ஒண்ணு மட்டும் வெடிக்கல. திருப்பிப் போட்டதும் வெடிச்சிடுச்சு.

பதில் 1
அந்த ஒண்ணு தோட்டா. பெட்டியை மாத்துங்க, பிஸ்டலை விடுங்க.