ஏஜென்ட் பாண்ட் கேக்குறாங்க, எத்தனை ரூபாய்த் தாள்ல எழுதணும்?

காரைக்குடி_புதுசு: அண்ணே, ஆச்சி, அவசரம். ஆஸ்திரேலியா வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வாடகைக்கு வீடு அமைஞ்சிருச்சு. நாளைக்குள்ள பாண்ட் போடாட்டி வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம். அப்பச்சி ஊர்ல முத்திரைத்தாள் வாங்கி எழுதி கூரியர்ல அனுப்பவான்னு கேக்குறாக. நாளைக்குள்ள எப்படி வந்து சேரும்?

புதுவயல்_சிங்கை: தம்பி, பாண்ட்ல கையெழுத்தே போடாதீங்க. என் முதல் கம்பெனியில ரெண்டு வருஷம் விலகக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. அப்பத்தா காரியத்துக்குக்கூட ஊருக்கு வர முடியலை.

பள்ளத்தூர்_ஆச்சி: அது வேலை பாண்ட், இவுக கேக்குறது வீட்டுக்கு. சிங்கப்பூர்லயே இன்னொரு பாண்ட் இருக்கு. ஒர்க் பெர்மிட்ல வர்ற நம்ம ஆளுக்கு முதலாளி அரசாங்கத்துக்கு 5,000 வெள்ளி பிணை வைக்கணும். அதைத் தொழிலாளி தலையில கட்டக்கூடாது.

கோட்டையூர்_லண்டன்: இங்க டெபாசிட்னுதான் சொல்வாங்க. முதல் குளிர்காலம் பூரா ஹீட்டர் ஓடலை, அப்படியிருந்தும் காலி பண்ணும்போது பாதிப் பணத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க.

தேவகோட்டை: ரங்கூன் வட்டிக்கடையில பெட்டியடி வேலைக்குப் போன நம்ம ஐயாக்கள் மூணு வருஷத்துக்கு ஒருக்கத்தான் ஊர் திரும்புனாக. இப்ப பிள்ளைக ஒரு மாசத்துலயே ஒடிஞ்சு போகுதுக.

பள்ளத்தூர்_ஆச்சி: பாவம், நாளைக்குக் கெடு வச்சிருக்கு. அதைச் சொல்லுங்க முதல்ல.

கானாடுகாத்தான்_மெல்போர்ன்: அப்பச்சியை அலைய வேண்டாம்னு சொல்லுங்க. தாளே வேண்டாம். நம்ம ஊர்ல வீட்டுக்கு அட்வான்ஸ்னு கொடுக்குறோமே, அதுதான் இங்க பாண்ட். எந்த மாநிலம்?

காரைக்குடி_புதுசு: சிட்னி பக்கம், பாரமட்டா.

கானாடுகாத்தான்_மெல்போர்ன்: அப்ப நியூ சவுத் வேல்ஸ் சட்டம். பாண்ட் நாலு வார வாடகைக்கு மேல கேக்கக்கூடாது. முன்வாடகை தனி, அதுவும் ரெண்டு வாரத்துக்கு மேல கேக்க முடியாது. 'ரெண்டல் பாண்ட்ஸ் ஆன்லைன்'னு அரசாங்கத் தளம் இருக்கு, அதுலயே கட்டுறேன், அழைப்பு அனுப்புங்கன்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க. பணம் அரசாங்கத்துகிட்ட நிக்கும், வீட்டுக்காரர் கைக்குப் போகாது. வீட்டை நேர்ல பார்க்காம ஒரு டாலர் அனுப்பாதீங்க.

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடும்போது கண்டிஷன் ரிப்போர்ட் தருவாங்க, வீடு இப்ப எந்த நிலையில இருக்குன்னு எழுதுற தாள். கார்பெட் கறை, சுவர்க் கீறல், ஓவன் கதவுல விரிசல் எல்லாத்தையும் அதுல எழுதி, படமும் எடுத்து வச்சு, குடி போன 7 நாளைக்குள்ள திருப்பிக் கொடுங்க. காலி பண்ணும்போது பாண்ட்ல பணம் பிடிச்சா அதுதான் உங்களுக்குச் சாட்சி.

காலி பண்ணும்போது 'பாண்ட் கிளீனிங்'னு சொல்வாங்க, பாண்ட் முழுசாத் திரும்பணும்னு செய்யுற சுத்தம். நம்ம வீடுகள்ல மசால் வதக்குற எண்ணெய்ப் பிசுக்கு அடுப்புக்கு மேல இருக்குற புகைபோக்கி வலையிலதான் ஏறும். மாசம் ஒருக்க அதைக் கழட்டிச் சோப்புத்தண்ணியில ஊறப்போடுங்க.