புதுப்பிப்பு: ஐசோபுரோப்பனாலில் இருந்து தண்ணீரைப் பிரிக்க எந்தச் சவ்வு?

ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹாலில் கலந்த தண்ணீரை எடுக்க பிடிஎம்எஸ் (பாலிடைமெத்தில்சிலாக்சேன்) சவ்வு போதுமா, பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமர்) வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிவிஏதான் சரி.

எடையில் சுமார் 88% ஆல்கஹால் வந்ததும் இந்தக் கலவை கொதிநிலை மாறாமல் நின்றுவிடும். அதற்கு மேல் சாதாரண வடித்தல் உதவாது. சவ்வில் அந்தத் தடை இல்லை. எந்த மூலக்கூறு பாலிமருக்குள் கரைந்து ஊடுருவுகிறது என்பதுதான் கணக்கு. பிவிஏவின் ஹைட்ராக்சில் குழுக்கள் தண்ணீரை இழுக்கும். சிலிகோன் ரப்பரான பிடிஎம்எஸ் நேர்மாறு; தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்த கரிமத் திரவத்தை எடுக்கத்தான் அது ஏற்றது.

ஆனால் முதல் பிவிஏ படலத்தைக் குறுக்குப்பிணைப்பு (பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்பு) இல்லாமல் வார்த்தது என் தப்பு. வெதுவெதுப்பான நீரில் போட்டதும் இளநுங்கு மாதிரி ஊதி, இடுக்கியில் எடுக்கும்போதே பிய்ந்துவிட்டது. இப்படி ஊதினால் சங்கிலிகள் விலகி ஆல்கஹாலும் கூடவே நழுவிவிடும். அப்புறம் சங்கிலிகளைப் பிணைக்கும் குளுட்டரால்டிஹைடும் துளி அமிலமும் சேர்த்து வார்த்தேன். இப்போது நன்றாக நிற்கிறது. அதையும் அளவோடு சேர்க்க வேண்டும், கூடினால் படலம் நொறுங்கும், அதன் வழியே தண்ணீர் பாய்வதும் குறையும்.

அடுத்து, பாலிஅக்ரைலோநைட்ரைல் என்ற பாலிமரால் ஆன தாங்கியின் மேல் பிவிஏவை மெல்லிய பூச்சாக இடப் போகிறேன்.