ஸ்டைல்ஸ் நாவல் முதலில் வந்தது 1920-லா, 1921-லா?

பழைய துப்பறியும் நாவல்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் முதன்முதலில் எங்கே, எப்போது அச்சேறியது என்று குறிப்பதுதான் அதில் பெரிய வேலை. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலான ‘த மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ என்னை நன்றாக நிறுத்தி வைத்துவிட்டது. சில நூல்களில் 1920 என்று இருக்கிறது, சிலவற்றில் 1921. எழுதியவர் இங்கிலாந்துக்காரர். கதை நடப்பது எஸெக்ஸில். வெளியிட்டவர் லண்டனில் பேர்பெற்ற ஜான் லேன். அப்படியானால் லண்டன் தேதிதானே முதல் தேதி என்று யாருக்கும் தோன்றும்.

கையில் கிடைத்த பிரதிகள் எல்லாமே மறுபதிப்புகள். உரிமைப் பக்கத்தில் ஓர் ஆண்டு இருக்கும். நாளும் இருக்காது, ஊரும் இருக்காது. அந்த ஆண்டுகூடப் பல சமயம் அந்தப் பதிப்பகத்தின் நாட்டில் நூல் வெளிவந்த ஆண்டாகத்தான் இருக்கும். சரி, புத்தகத்தை நம்பிப் பயனில்லை என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளின் பக்கம் திரும்பினேன்.

முடிச்சு அவிழ்ந்தது மதிப்புரைகளில். நியூயார்க் டைம்ஸின் நூல் மதிப்புரைப் பகுதி இந்த நாவலைப் பற்றி எழுதியது 1920 டிசம்பர் 26 அன்று. லண்டனில் டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட் எழுதியது 1921 பிப்ரவரி 3 அன்று. இடையில் ஐந்து வாரத்துக்கும் மேல்! மதிப்புரை எழுதுகிறவர் கையில் அதற்கு முன்பே புத்தகம் இருந்திருக்க வேண்டும் இல்லையா? அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு போனபோது மற்றவையும் பொருந்தி வந்தன. ஜான் லேன் நிறுவனம் நியூயார்க்கிலும் இயங்கியது. அங்கே 1920 அக்டோபரிலேயே நூல் வந்துவிட்டது. லண்டனில் அதே நிறுவனம் ‘த பாட்லி ஹெட்’ என்ற பதிப்பகப் பெயரில் வெளியிட்டது 1921 ஜனவரி 21 அன்று.

இதோடு முடியவில்லை. நூலாக வருவதற்கு முன்பே, 1920 பிப்ரவரி முதல் ஜூன் வரை, லண்டன் டைம்ஸின் வாராந்தரப் பதிப்பில் இந்தக் கதை தொடராக ஓடியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ வாசகர்களைச் சந்தித்தது முதலில் ஒரு செய்தித்தாளில்! தொடர் உரிமையில் கிறிஸ்டிக்குக் கிடைத்த பங்கு 25 பவுண்டு. முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்த காலத்தில், 1916-இல் எழுதிய கதை அது. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகுதான் ஜான் லேனிடம் போனது.

ஆகவே தொடராக லண்டன், நூலாக நியூயார்க், அப்புறம் நூலாக லண்டன். மூன்றையும் எழுதாமல் வெறுமனே 1920 என்று போட்டால் அது பாதி வேலை என்றே நினைக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நாவல் வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

* * *

எனக்கு வாய்த்தது கானன் டாயிலின் ‘த ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’. ஸ்ட்ராண்ட் இதழில் 1901 ஆகஸ்டில் தொடங்கி 1902 ஏப்ரலில் முடிந்த தொடர். தொடர் முடிந்த பிறகுதான் நூல் வரும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் ஜார்ஜ் நியூன்ஸ் பதிப்பகம் நூலை வெளியிட்டது 1902 மார்ச் 25. கடைசி அத்தியாயத்துக்காக ஏப்ரல் இதழை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு முன்பே, காசு கொடுத்து நூலை வாங்கியவர்கள் முடிவைப் படித்துவிட்டார்கள்.

வில்கி காலின்ஸின் ‘த மூன்ஸ்டோன்’ கதையும் இதேதான். டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் த இயர் ரவுண்ட்’ இதழில் 1868 ஜனவரி 4 முதல் ஆகஸ்ட் 8 வரை வந்தது. மூன்று பாகமாக நூல் வந்தது ஜூலையில். அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் வீக்லியிலும் அதே சமயத்தில் ஓடியது. இதற்கு ஒரே ஒரு தேதி சொல்லுங்கள் என்று கேட்டால் எப்படிச் சொல்வது?

பழைய இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரையாண்டுத் தொகுதிகளாகக் கட்டிவைத்த இதழ்களில் பெரும்பாலும் மாத அட்டைகளும் விளம்பரப் பக்கங்களும் இருக்காது. கட்டும்போதே எடுத்துவிடுவார்கள். நூல் எப்போது விற்பனைக்கு வந்தது என்பதைச் சொல்லக்கூடியவை அந்த விளம்பரங்கள்தான். கட்டாத தனி இதழ் கிடைத்தால் விடாதீர்கள்.

* * *

என் அனுபவத்தில் சிக்கலே ஊர்தான். ஃபெர்கஸ் ஹ்யூமின் ‘த மிஸ்டரி ஆஃப் அ ஹான்சம் கேப்’ லண்டனில் 1887-இல் வந்து பரபரப்பாக விற்றது. பழைய புத்தகங்களில் பார்வையில் படுவதும் லண்டன் பதிப்புதான். ஆனால் முதலில் அச்சானது 1886-இல் மெல்போர்னில். கதை நடப்பதும் அங்கேதான். அந்த முதல் அச்சில் இன்று மிஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகளே. நிறையக் கிடைக்கிற பதிப்பை முதல் பதிப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால் மெல்போர்னின் பெயரே விடுபட்டுப் போகிறது. அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

* * *

இருவருக்கும் நன்றி. மெல்போர்ன் கதையைப் படித்ததும் என் பட்டியலில் ஊருக்கென்று தனிப் பத்தி சேர்த்துவிட்டேன். இப்போது கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லண்டனில் காலின்ஸ் பதிப்பகம் நூலாக வெளியிட்டது 1934 ஜனவரி 1. அதற்கு முன்பே 1933 செப்டம்பர் 30 முதல் அமெரிக்காவின் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் அதைத் தொடராகப் போட்டுவிட்டது. அமெரிக்க நூலுக்குத் தலைப்பே வேறு: ‘மர்டர் இன் த காலே கோச்’. கிரஹாம் கிரீனின் நாவல் ஒன்று அங்கே ‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் வந்திருந்ததால் குழப்பம் வேண்டாமென்று மாற்றினார்கள். இங்கிலாந்துத் தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் அமெரிக்கப் பதிப்பு கண்ணில் படாது. அதனால் தலைப்புக்கும் இன்னொரு பத்தி போட வேண்டியிருக்கிறது.