மாதிரி ரயில்பாதையில் காஸ்டிக் சோடா ஆலைக்கான சைடிங்: எந்த வேகன்கள் பொருந்தும்?

திருநகர் மாடியறை:
அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடியறையில் 1:87 அளவில் மாதிரி ரயில்பாதை ஒன்றை அமைத்து வருகிறேன். மெயின் லைனிலிருந்து பிரிந்து காஸ்டிக் சோடா ஆலைக்குள் நுழையும் சைடிங் ஒன்றை இப்போது சேர்க்க விரும்புகிறேன். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரம் ஆலையே மனத்தில் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே நகலெடுக்கப் போவதில்லை. இரண்டு தடங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. கடையில் கிடைக்கும் டேங்கர் வேகன்களையே வாங்கி நிறுத்தலாமா? அல்லது எந்த வேகன் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறதா?

கூடல்நகர் யார்டு:
ஐயா, கணக்கு இருக்கிறது, அது ஆலைக்குள் நடக்கும் வேலையிலிருந்தே பிறக்கிறது. ஒரு டன் காஸ்டிக் சோடா தயாரிக்க ஏறத்தாழ ஒன்றரை டன் உப்பு தேவைப்படும். அந்த ஒரு டன்னை 50 விழுக்காட்டுக் கரைசலாக அனுப்பும்போது எடை இரண்டு டன்னாகிவிடும். ஆகவே மூன்று வேகன் உப்பு உள்ளே வந்தால், சுமார் நான்கு டேங்கர் கரைசல் வெளியே போக வேண்டும். உப்பு வேகன்கள் சுமையோடு வந்து காலியாகத் திரும்பும், டேங்கர்கள் காலியாக வந்து சுமையோடு போகும். எனவே ஒரு தடத்தை உப்புக்கும் மற்றதைக் கரைசலுக்கும் ஒதுக்குங்கள். உடன் உருவாகும் குளோரினைச் சுமார் 900 கிலோ கொள்ளும் உருளைகளில் லாரியில் அனுப்புவது வழக்கம் என்பதால், அதற்கு வேகன் தேவையில்லை; ஆலை வாசலில் ஒரு லாரி நின்றால் போதும்.

பெட்ரோல் டேங்கருக்கு வேறு வண்ணம் பூசிக் காஸ்டிக் டேங்கராக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அகலப் பாதையில் ஒரு அச்சுக்கு 20.32 டன் என்ற வரம்பில் நான்கு அச்சு வேகனின் மொத்த எடை 81.28 டன்னைத் தாண்டக் கூடாது. இந்தக் கரைசலோ பெட்ரோலைப் போல் இரு மடங்கு அடர்த்தி உடையது. அதே எடைக்குப் பாதிக் கொள்ளளவே போதுமாதலால், கலன் மெலிந்து தெரிய வேண்டும். விவரம் அறிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பழங்காநத்தம் தண்டவாளம்:
எந்தக் காலத்தைக் காட்டப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். சாகுபுரத்தை ஒட்டிச் செல்லும் திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை 2008 வரை மீட்டர் கேஜ்தான் (தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ.). 1:87 அளவில் மீட்டர் கேஜ் 11.5 மி.மீ. ஆவதால், 12 மி.மீ. தடம் மிக நன்றாகப் பொருந்தும். அகலப் பாதைக்கு 19.3 மி.மீ. வேண்டும், கடைகளில் கிடைக்கும் 16.5 மி.மீ. தடம் வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கு உரியது. டேங்கரின் பக்கவாட்டில், காஸ்டிக் சோடா கரைசலைக் குறிக்கும் 1824 என்ற ஐ.நா. எண்ணையும் அரிக்கும் பொருளுக்கான கறுப்பு வெள்ளைச் சின்னத்தையும் ஒட்டுங்கள்.

திருநகர் மாடியறை:
மிக்க நன்றி. மீட்டர் கேஜையே தேர்ந்தெடுக்கிறேன். பெட்ரோல் ரேக்குகளில் எஞ்சினுக்கும் டேங்கருக்கும் இடையே கோப்பதைப் போல இதற்கும் காப்பு வேகன் தேவையா?

கூடல்நகர் யார்டு:
தேவையில்லை, அது தீப்பற்றும் சரக்குக்கான ஏற்பாடு, காஸ்டிக் கரைசல் எரியாது. ஆனால் சைடிங் மெயின் லைனில் சேரும் இடத்துக்கு முன்பாக டீரெயிலிங் சுவிட்ச் (வேகனைத் தடம் இறக்கிவிடும் அமைப்பு) ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். தானே உருண்டு வரும் வேகன் மெயின் லைனில் ஏறாமல் அங்கேயே தடம் இறங்கிவிடும்.