பூரட்டாதிக்குப் பக்கத்து விண்மீனில் கோள் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மொட்டைமாடி:
என் நட்சத்திரம் பூரட்டாதி. வானத்தில் அது எங்கே என்று தேடப் போய்த்தான் இந்த வம்பு. போன ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு இரவு, எட்டரை மணி வாக்கில் மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு (உச்சிக்குப் பக்கத்தில் வருவதால் நின்று பார்த்தால் கழுத்து போய்விடும்) பைனாகுலரில் பெகாசஸ் சதுரத்தை (நான்கு விண்மீன்கள் மூலைகளாக நிற்கும் பெரிய சதுரம்) பார்த்தேன். அதன் மேற்கு ஓரத்தில் உள்ள ஷீயட், மார்க்காப் இரண்டும்தான் பூரட்டாதி. அவற்றுக்கு நடுவே, சதுரத்துக்குச் சற்று வெளியே மங்கலாக ஒரு புள்ளி: 51 பெகாசி. சூரியனைப் போன்ற விண்மீன், ஏறக்குறைய 50 ஒளியாண்டு தூரம். வியாழனில் பாதி எடையுள்ள கோள் ஒன்று அதை 4.2 நாளில் சுற்றுகிறதாம். மூன்று இரவு பார்த்தேன். ஒளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு 1995-இல் எதை வைத்துச் சொன்னார்கள்?

நிறமாலை:
உங்கள் கண்ணில் குற்றம் இல்லை. நம் பார்வையில் அந்தக் கோள் விண்மீனின் முகத்தைக் கடப்பதே இல்லை. கடந்திருந்தாலும் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் மங்கும், கண்ணுக்குத் தெரியாது.

கோளைக் கண்டுபிடித்த மிஷேல் மயோரும் அவர் மாணவர் டிடியே கெலோவும் பார்த்தது விண்மீனின் ஆட்டத்தை. குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினால் பெரியவர் காலும் ஓரிடத்தில் நிற்காது அல்லவா, அதுதான். விண்மீன் நம் பக்கம் வரும்போது நிறமாலைக் கோடுகள் (அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே தெரியும் கருங்கோடுகள்) நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் துளி நகரும். தெற்கு பிரான்சில் ஓத் புரோவான்ஸ் ஆய்வகத்தின் 1.93 மீட்டர் தொலைநோக்கியில் எலோடி என்ற கருவியைப் பொருத்தி அளந்தார்கள். ஆட்டத்தின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 56 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டர். வியாழன் நம் சூரியனை ஆட்டுவது நொடிக்கு 12, 13 மீட்டர்தான். அதுவும் ஒரு சுற்று முடிய 12 வருடம்.

மொட்டைமாடி:
புதனுக்கே 88 நாள் ஆகிறது. அவ்வளவு பெரிய கோளுக்கு 4.2 நாள் என்றால் யார் நம்பினார்கள்?

பழையகணக்கு:
எல்லோரும் உடனே நம்பவில்லை. அக்டோபரில் ஃபிளாரன்ஸ் கூட்டத்தில் அறிவித்த சில நாட்களிலேயே, கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் மார்சியும் பட்லரும் அளந்து அதே கணக்கைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் 1997-இல் டேவிட் கிரே என்ற வானியலாளர், 'அது கோளே இல்லை, விண்மீனின் மேற்பரப்பு துடிக்கிறது' என்றார். மறு வருடம் கூடுதல் அளவீடுகளைப் பார்த்துவிட்டு அவரே அதை விலக்கிக்கொண்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

அவ்வளவு பெரிய வாயுக்கோள் அங்கேயே பிறந்திருக்காது, தொலைவில் உருவாகி உள்ளே நகர்ந்து வந்திருக்கும் என்பது பரவலான விளக்கம். 2015-இல் அந்தக் கோளுக்கு டிமிடியம் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் பாதி என்று பொருள், வியாழனில் பாதி எடை அல்லவா. 2019 நோபல் பரிசிலும் மயோருக்கும் கெலோவுக்கும் சேர்த்துப் பாதிதான்!

மொட்டைமாடி:
சரி, புரிந்தது. என் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரகம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "ஒன்பதுக்கே விளக்குப் போட்டு முடியல, அதுக்கும் போடணுமாடா?" என்கிறார்.